கடல் இறங்கிய ஒன்றரை ஆண்டு: 2010-11 லா நீனா, ஒரு நிகழ்வு ஆய்வு

கடல்மட்டம் ஏறுகிறது என்பதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அது ஒருமுறை நன்றாகவே இறங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். 2010 தொடக்கத்திலிருந்து 2011 நடுப்பகுதி வரை, உலகக் கடல்களின் சராசரி மட்டம் சுமார் 5 மில்லிமீட்டர் குறைந்தது. அதற்கு முந்தைய இரு பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 3 மி.மீ. என்ற கணக்கில் ஏறிக்கொண்டிருந்த கடல் அது. ஏற வேண்டிய காலத்தில் இறங்கியது என்பதால், விழுந்த பள்ளம் 5 மி.மீ. என்ற எண் காட்டுவதைவிடப் பெரியது. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் எங்கே வைக்கிறோம், தரவை எப்படிச் சீராக்குகிறோம் என்பதைப் பொறுத்து 7 மி.மீ. என்று சொன்ன ஆய்வும் உண்டு.

ஐந்து மில்லிமீட்டரெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். கடலின் பரப்பு சுமார் 36.1 கோடி சதுர கிலோமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 361 கன கிலோமீட்டர் தண்ணீர். ஐந்து மில்லிமீட்டருக்கு 1,800 கன கி.மீ. ஒரு கன கிலோமீட்டர் என்பது நூறு கோடி டன் தண்ணீர். ஆக, 1,80,000 கோடி டன் தண்ணீர் ஒன்றரை ஆண்டுக்குள் கடலைவிட்டு எங்கோ போயிருக்கிறது. பூமியில் தண்ணீர் மொத்தத்தில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அப்படியானால் போன இடம் ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்த விதத்தையும், தண்ணீர் ஏன் உடனே திரும்பி வரவில்லை என்ற காரணத்தையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நீர்ச்சுழற்சி என்றால் பள்ளிப் புத்தகத்தில் வரும் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலிலிருந்து மேலே ஒரு அம்புக்குறி, மேகம், மலையில் மழை, ஆறு, மறுபடியும் கடல். அந்தப் படத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் கடைசி அம்புக்குறி தானாக நடந்துவிடும் என்று நினைக்கவைக்கிறது. 2010-11இல் சிக்கியது அந்த அம்புக்குறிதான்.

அளவீடு நம்பத்தக்கதா?

இப்படி ஒரு எண் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியை. கடல்மட்டத்தை 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன், அதன் வழிவந்த ஜேசன்-1, ஜேசன்-2 ஆகிய செயற்கைக்கோள்கள் அளந்துவந்தன. சுமார் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பி, அது கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு தனி அளவீட்டிலும் சில சென்டிமீட்டர் பிழை இருக்கும். ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை உலகக் கடல்களைச் சுற்றி முடித்து, லட்சக்கணக்கான அளவீடுகளைச் சராசரியாக்கும்போது சில மில்லிமீட்டர் மாற்றமும் பிடிபடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் ஒவ்வொரு ஆண்டும் சில மில்லிமீட்டர் ஏறி இறங்கத்தான் செய்கிறது. நிலத்தின் பெரும்பகுதி வட அரைக்கோளத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் விழும் பனி, உருகும்வரை கடலுக்குத் திரும்புவதில்லை. அதனால் மார்ச், ஏப்ரல் வாக்கில் கடலில் தண்ணீர் குறைவாகவும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அதிகமாகவும் இருக்கும். இந்தப் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். கழித்த பிறகும் 2010-11 பள்ளம் அப்படியே நின்றது.

சந்தேகத்துக்குரிய நான்கு இடங்கள்

கடல் இறங்கினால் அதற்கு இரண்டே வகைக் காரணங்கள்தான் இருக்க முடியும். தண்ணீர் குளிர்ந்து சுருங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரே குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் போக்கிடம் மூன்று: காற்று, பனி, நிலம்.

சுருக்கத்தை முதலில் பார்ப்போம். ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் மிதவைகள் அப்போது 3,000க்கும் மேல் கடல்களில் உலவிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேற்பரப்புக்கு வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். இந்த அளவீடுகளைக் கூட்டிப் பார்த்தபோது, கடல் சுருங்கியதால் வந்த பங்கு மிகச் சிறியது என்று தெரிந்தது.

காற்றை ஒரு எளிய கணக்கிலேயே விலக்கிவிடலாம். வளிமண்டலம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கினால் சுமார் 13,000 கன கி.மீ. வரும். பூமி முழுக்கப் பரப்பினால் 25 மி.மீ. உயரம், அவ்வளவுதான். அதில் கூடுதலாக 1,800 கன கி.மீ. ஏற வேண்டுமென்றால் ஈரப்பதம் 14 சதவீதம் கூட வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். ஆக, உலகக் காற்று முழுவதும் ஒன்றரை ஆண்டில் இரண்டு டிகிரி சூடேறியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பனியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கிரீன்லாந்து 2010 கோடையில் அதுவரை பதிவாகாத அளவுக்கு உருகியது. பனி தன் பங்குக்குக் கடலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தது.

மிச்சம் இருப்பது நிலம். ஆனால் மற்ற மூன்றையும் விலக்கிவிட்டோம் என்பதற்காக நிலம்தான் என்று முடிவுகட்டுவது முழு நிரூபணம் ஆகாது. நிலத்தில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று நேரடியாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு விசித்திரமான கருவி ஏற்கெனவே வானில் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீரை எடைபோட்ட இரட்டையர்

2002 மார்ச்சில் நாசாவும் ஜெர்மன் விண்வெளி மையமும் சேர்ந்து ஏவிய கிரேஸ் திட்டம், பூமியைப் படம் எடுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கி.மீ. இடைவெளியில், ஒரே பாதையில் போகும் இரண்டு செயற்கைக்கோள்கள் அவை. ஏறக்குறைய 500 கி.மீ. உயரத்தில் அவற்றின் வேலை, தங்களுக்கு இடையில் உள்ள தூரத்தை அளந்துகொண்டே இருப்பதுதான். முன்னால் போவது எடை மிகுந்த ஒரு பகுதியை நெருங்கும்போது அதன் ஈர்ப்பால் சற்றே முன்னுக்கு இழுபடும். இடைவெளி விரியும். பின்னால் வருவதும் அதே இடத்தை நெருங்கும்போது இடைவெளி மறுபடி சுருங்கும். இந்த மாற்றத்தை மைக்ரோ அலைகளைக் கொண்டு மைக்ரோமீட்டர் நுட்பத்தில் அளந்தார்கள்.

மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் எடை மாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் ஒரு மாதத்தின் ஈர்ப்பு வரைபடத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டால், எங்கே தண்ணீர் கூடியது, எங்கே குறைந்தது என்று தெரிந்துவிடும். அது ஏரியில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா, நிலத்தடியில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. சில நூறு கிலோமீட்டருக்குக் குறைவான நுணுக்கமும் கிடைக்காது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத மண் ஈரத்தை வானிலிருந்து எடைபோடுவது அதற்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

கிரேஸ் சொன்னது இரண்டு செய்திகள். கடலின் எடை உண்மையாகவே குறைந்திருக்கிறது. அதற்கு ஈடாக நிலத்தின் எடை கூடியிருக்கிறது. கூடிய இடங்களில் பளிச்சென்று தெரிந்தவை ஆஸ்திரேலியா, தென் அமெரிக்காவின் வடபகுதி, தென்கிழக்கு ஆசியா. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த கார்மென் போனிங்கும் உடனாய்வாளர்களும் இதை 2012இல் வெளியிட்டார்கள். காணாமல் போன தண்ணீர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

மழை ஏன் இடம் மாறியது

வழக்கமான ஓர் ஆண்டின் வரவு செலவைத் தெரிந்துகொண்டால்தான் இந்த இடமாற்றத்தின் அளவு புரியும். கடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 4,25,000 கன கி.மீ. தண்ணீர் ஆவியாகிறது. அதில் சுமார் 3,85,000 கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மிச்சம் 40,000 கன கி.மீ. காற்றோடு நிலத்துக்கு வருகிறது. ஏறக்குறைய அதே அளவு ஆறுகள், நிலத்தடி ஊற்றுகள், உருகும் பனி வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. கடல்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் இருப்பது இந்த இரண்டு 40,000களும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால்தான். அவற்றுக்கு நடுவே நாலைந்து சதவீதம் வித்தியாசம் விழுந்தால் போதும், 1,800 கன கி.மீ. ஒரு பக்கம் தேங்கிவிடும்.

2010இல் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது லா நீனா. பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று அந்த ஆண்டின் நடுவிலிருந்து வலுத்தது. மேற்பரப்பின் சூடான நீரை அது மேற்கே, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா பக்கம் தள்ளிச் சேர்த்தது. தென் அமெரிக்கக் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தது. சூடான நீர் எங்கே சேர்கிறதோ அங்கேதான் காற்று மேலெழும், மேகம் திரளும், மழை கொட்டும். இதற்கு மாறாக, அந்தக் காற்று தளரும் எல் நீனோ ஆண்டுகளில் இந்த மழை மையம் பசிபிக் நடுவே, அதாவது கடல் மேலேயே, நகர்ந்துவிடும். கடலிலிருந்து எழுந்த நீர் கடலிலேயே விழுந்துவிடுவதால் நிலம் வறளும், கடல் சற்று ஏறும். 1997-98, 2015-16 எல் நீனோக்களில் அப்படித்தான் நடந்தது. லா நீனாவில் எல்லாம் தலைகீழ்.

2010-11 லா நீனா, பதிவுகளில் உள்ள மிக வலுவானவற்றில் ஒன்று. ஆனால் அதை மட்டும் வைத்து முழுக் கதையையும் விளக்கிவிட முடியாது, ஏனென்றால் வலுவான லா நீனா முன்பும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் ஃபசுல்லோ 2013இல் போனிங் உள்ளிட்டோரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. அவர்கள் கண்டது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவந்ததை. பசிபிக்கில் லா நீனா. இந்தியப் பெருங்கடலில் கிழக்குப் பகுதி சூடாகவும் மேற்குப் பகுதி குளிர்ந்தும் இருந்த நிலை, அதாவது எதிர்மறை இருமுனை. தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றிவரும் மேலைக் காற்றுப் பட்டை துருவத்தை நோக்கி ஒதுங்கியிருந்த நிலை. முதலிரண்டும் ஆஸ்திரேலியாவின் இரு பக்கமும் ஈரக் காற்றைத் தயாராக வைத்தன. மூன்றாவது, அந்த ஈரம் கண்டத்தின் உள்ளே வர வழிவிட்டது. போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாவின் வடக்கே கடல் வழக்கத்தைவிட நன்றாகச் சூடேறியிருந்தது.

விளைவு எப்படி இருந்தது? ஆஸ்திரேலியாவின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 465 மி.மீ. 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது 700 மி.மீ.யை ஒட்டி வந்தது. கண்டத்தின் தென்கிழக்கில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீடித்த கடும் வறட்சி இந்த மழையோடு முடிந்தது. ஒரு ஆண்டின் கூடுதல் மழை 235 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, 76.9 லட்சம் சதுர கி.மீ. பரப்பால் பெருக்கிப் பாருங்கள். சுமார் 1,800 கன கி.மீ. வருகிறது. கடல் இழந்த அளவோடு இது பொருந்துவது ஓரளவு தற்செயல்தான். விழுந்ததெல்லாம் தங்கவில்லை, கணிசமான பகுதி உடனே ஆவியானது. மற்ற நாடுகளிலும் தண்ணீர் தேங்கியது. ஆனால் ஒரே ஒரு கண்டத்தில் மழை இந்த அளவுக்குக் கூடினால் உலகக் கடலில் தெரியும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

வெள்ளம் பார்த்த இடம் வேறு, தண்ணீர் தங்கிய இடம் வேறு

அந்த நாட்களின் செய்திகளைப் புரட்டினால் கண்ணில் படுவது குயின்ஸ்லாந்து வெள்ளம். 2010 டிசம்பர், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதுவரை பதிவான டிசம்பர்களில் அதிக மழை பெய்த மாதம். 2011 ஜனவரி 13 அன்று பிரிஸ்பேன் ஆறு நகரத்துக்குள் 4.46 மீட்டர் உயரத்தைத் தொட்டது. பிப்ரவரி 3 அன்று யாசி என்ற பெரும்புயல் வடகிழக்குக் கரையைக் கடந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கொலம்பியாவும் வெனிசுவேலாவும் மூழ்கின. 2010 ஜூலை, ஆகஸ்டில் பாகிஸ்தானில் சிந்து நதி பெருக்கெடுத்து நாட்டின் பெரும் பகுதியைப் பாதித்தது.

உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் விளைவித்த அந்த வெள்ளங்கள், நாம் பேசும் கணக்கில் பெரிய பங்கு வகிக்கவில்லை என்பதே என் வாசிப்பு. பிரிஸ்பேன் ஆறு கிழக்குக் கரையில், மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஆறு. அதில் வந்த தண்ணீர் சில நாட்களில், சில வாரங்களில் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சிந்துவும் கொலம்பியாவின் மக்தலேனாவும் கடலில் கலக்கும் ஆறுகள்தான். அமேசான் படுகையில் எவ்வளவு கொட்டினாலும் சில மாதங்களில் அட்லாண்டிக்குக்குப் போய்விடும். வீட்டை அடித்துக்கொண்டு போகும் தண்ணீர் கடலுக்கும் வேகமாகப் போய்விடுகிறது. கடலைக் குறைத்த தண்ணீர் ஓசையே இல்லாமல், மக்கள் நெருக்கம் இல்லாத உள்நாட்டில் உட்கார்ந்துவிட்டது.

கூப்பர் ஆற்றின் வழியில்

ஆஸ்திரேலியாவின் நடுவே ஐர் ஏரிப் படுகை இருக்கிறது. பரப்பு சுமார் 12 லட்சம் சதுர கி.மீ., கண்டத்தில் ஆறில் ஒரு பங்கு. இந்தப் படுகையில் விழும் ஒரு சொட்டு மழையும் ஆறாக ஓடிக் கடலை அடையாது. எல்லா ஓடைகளும் உள்நோக்கியே சரிகின்றன. முடிவில் இருப்பது கட்டி தண்டா-ஐர் ஏரி, கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் உப்புத் தரை. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஏரி என்பது பேருக்குத்தான். 1964இல் டொனால்ட் கேம்ப்பெல் அந்தக் காய்ந்த உப்பின்மேல் மணிக்கு 648 கி.மீ. வேகத்தில் கார் ஓட்டி உலகச் சாதனை படைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படுகைக்குள் வடகிழக்கிலிருந்து வருபவை கூப்பர், டயமன்டினா, ஜார்ஜினா ஆகிய ஆறுகள். ஆறு என்றதும் இரு கரைக்கு நடுவே ஓடும் நீரைக் கற்பனை செய்துவிடக் கூடாது. மேற்குக் குயின்ஸ்லாந்தில் சேனல் கன்ட்ரி என்று அழைக்கப்படும் சமவெளியில் நிலத்தின் சரிவு மிக மிகக் குறைவு. அங்கே வந்ததும் ஆறு நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிகிறது. வெள்ளம் வந்தால் பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நடந்துபோகும் ஆள் முந்திவிடக்கூடிய வேகத்தில்தான் நகரும். வழியில் ஆயிரக்கணக்கான மடுக்களும் தாழ்வான ஏரிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிரம்பினால்தான் தண்ணீர் அடுத்ததற்குப் போகும். வெடித்துக் கிடக்கும் களிமண் தரை வெடிப்பு மூடும்வரை குடிக்கும். மீதியை வெயில் எடுத்துக்கொள்ளும். குயின்ஸ்லாந்தில் பெய்த மழை ஏரிக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகிறது. பல ஆண்டுகளில் வந்து சேர்வதே இல்லை. கூப்பர் ஆற்றின் தண்ணீர் 1990க்குப் பிறகு ஐர் ஏரியைத் தொட்டது 2010இல்தான்.

தண்ணீர் வந்ததும் கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின, மீன் பெருகியது, சுற்றுலா விமானங்கள் ஏரியை வட்டமிட்டன. படம் பார்ப்பவர்களுக்குக் கடலிலிருந்து போன தண்ணீர் இதோ இங்கே இருக்கிறது என்று தோன்றும். இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்களும் ஏரியின் படத்தையே போடுவார்கள். கணக்கு இங்கேதான் இடிக்கிறது. இந்த ஏரி பதிவுகளிலேயே மிக அதிகமாக நிரம்பியது 1974இல். அப்போது அதில் இருந்தது சுமார் 30 கன கி.மீ. தண்ணீர். உலகக் கடல் மட்டத்தில் அதன் பங்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2010-11இல் ஏரி அந்த அளவுக்கு நிரம்பவும் இல்லை. 1,800 கன கி.மீ.க்கு முன்னால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்படியானால் தண்ணீர் எங்கே? மண்ணில். ஆஸ்திரேலியாவின் முழுப் பரப்பிலும் மண்ணில் 100 மி.மீ. உயரத்துக்குச் சமமான ஈரம் கூடியதாக வைத்துக்கொண்டால், அதுவே சுமார் 770 கன கி.மீ. ஆகிவிடும், கடலில் 2 மி.மீ.க்கு மேல். பத்தாண்டு வறட்சியில் ஆழம் வரை காய்ந்து கிடந்த மண்ணுக்கு இந்த ஈரம் ஒன்றும் அதிகம் இல்லை. ஐர் ஏரிப் படுகை மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கண்டத்தின் மேற்கில் உள்ள பரந்த பாலைவனப் பகுதிகளில் முறையான ஆறே கிடையாது. மணல்மேட்டில் விழும் மழை மணலுக்குள்ளேயே போகிறது. வடிகால் இல்லாத தட்டையான பரப்பு, காய்ந்த மண், அதன்மேல் அசாதாரணமான மழை: மூன்றும் சேர்ந்தால் தண்ணீருக்குக் கடலுக்குப் போகும் வழி அடைபடுகிறது. வெளியேற ஒரே வழி மேல்நோக்கி, ஆவியாக. ஃபசுல்லோவின் ஆய்வுத் தலைப்பிலேயே ஆஸ்திரேலியாவின் தனித்த பங்கு என்று குறிப்பிட்டது இதனால்தான். இதே மழை வேறொரு கண்டத்தில், கடலுக்கு வடியும் சரிவில் விழுந்திருந்தால், இவ்வளவு ஆழமான, இவ்வளவு நீண்ட பள்ளம் கடல்மட்ட வரைபடத்தில் விழுந்திருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் மனிதர்கள் கட்டிய அணைகள் சுமார் 10,800 கன கி.மீ. தண்ணீரைப் பிடித்து வைத்து, கடல்மட்டத்தை 30 மி.மீ. அளவுக்குக் குறைத்து வைத்திருக்கின்றன என்று 2008இல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. உலகின் அத்தனை அணைகளும் பல பத்தாண்டுகளில் செய்ததில் ஆறில் ஒரு பங்கை, ஒரு காலநிலை ஊசலாட்டம் ஒன்றரை ஆண்டில் செய்துவிட்டது.

ஈரம் போன இடமெல்லாம்

தண்ணீர் மண்ணில் தங்கினால் சும்மா இருக்காது. வறண்ட உள்நாட்டில் புல்லும் புதரும் கிளம்பின. செடி வளர்வதென்றால் காற்றிலிருந்து கார்பனை எடுப்பது. 2011இல் உலக நிலப்பரப்பு உறிஞ்சிய கார்பன் வழக்கத்தைவிட வெகுவாகக் கூடியிருந்தது. முந்தைய பத்தாண்டின் சராசரி ஆண்டுக்குச் சுமார் 260 கோடி டன். 2011இல் அது 410 கோடி டன். பெஞ்சமின் பௌல்டர் தலைமையிலான ஆய்வு 2014இல் இதைப் பிரித்துப் பார்த்தபோது, கூடுதலாக உறிஞ்சப்பட்டதில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆஸ்திரேலியாவின் தாவரங்களால் என்று கண்டது. மழைக்காடுகள்தான் பூமியின் நுரையீரல் என்று பேசிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். மொத்தக் கையிருப்பு காடுகளில்தான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மேடு பள்ளத்தில் அரைவறண்ட புல்வெளிகளின் கை ஓங்கியிருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் காட்டுக்குக் கூடுதல் மழை பெரிய வித்தியாசம் செய்யாது. தண்ணீருக்காகவே காத்துக் கிடக்கும் நிலத்துக்குச் செய்யும்.

அதே புல் காய்ந்ததும் எரிபொருளானது. 2011இன் பிற்பகுதியில் நடு ஆஸ்திரேலியாவில் பெரும் பரப்பில் தீ பரவியது. செடி எடுத்த கார்பனில் ஒரு பகுதி அப்படியே காற்றுக்குத் திரும்பியது. கடலில் தொடங்கிய ஒரு வெப்பநிலை மாற்றம், மழையாகி, மண் ஈரமாகி, புல்லாகி, தீயாகி, கார்பன் கணக்கு வரை போய் நின்றது. வளிமண்டலம், நீர்மண்டலம், உயிர்மண்டலம் என்று தனித்தனிப் பாடமாக நாம் படிப்பவை இங்கே ஒரே சங்கிலி.

திரும்பி வந்த வேகம்

மூன்று காலநிலை அமைப்புகளும் பிரிந்து, தேங்கிய நீர் ஆவியாகத் தொடங்கியதும் கடல் பள்ளத்திலிருந்து மேலே வந்தது. வந்த வேகம் ஆண்டுக்குச் சுமார் 10 மி.மீ., வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. ஐர் ஏரிப் பகுதியில் ஆண்டு மழை 150 மி.மீ.க்கும் குறைவு. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதோ ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர். ஆழமில்லாத வெள்ளம் எத்தனை நாள் தாங்கும்? ஆவியான நீர் காற்றில் சராசரியாகத் தங்குவது ஒன்பது, பத்து நாட்கள். அதற்குள் எங்காவது மழையாக விழுந்தாக வேண்டும். பூமியில் மழை அதிகம் விழும் இடம் கடல்தான். ஆற்று வழி அடைபட்டிருந்த தண்ணீர், காற்று வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக நிலம் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் முழுவதும் அல்ல. 2002 முதல் 2014 வரையிலான கிரேஸ் தரவுகளை ஆராய்ந்து ஜான் ரீகரும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, காலநிலை மாறுபாட்டின் காரணமாக நிலத்தில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 3,200 கன கி.மீ. தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அது கடல் ஏறும் வேகத்தை ஆண்டுக்கு 0.7 மி.மீ. அளவுக்குத் தணித்துவந்தது. இதற்கு எதிர்த்திசையில் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நிலத்தடி நீரை வெளியே எடுத்துக்கொண்டிருப்பதையும் அதே ஆய்வு கணக்கில் எடுத்தது. அதைக் கழித்தாலும் நிலம் வரவில்தான் நின்றது.

வரைபடத்தை எப்படிப் படிப்பது

2011இல் இந்தப் பள்ளம் தெரிந்தபோது, கடல் ஏறுவது நின்றுவிட்டது, பனி உருகல் பற்றிய பேச்செல்லாம் மிகை என்று சொன்னவர்கள் உண்டு. வரைபடத்தின் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் காட்டினால் அப்படித்தான் தெரியும். 2003 முதல் 2011 வரையிலான ஏற்றம் அதற்கு முந்தைய பத்தாண்டைவிடச் சுமார் 30 சதவீதம் மெதுவாக இருந்தது உண்மை. அது ஒளித்து வைக்க வேண்டிய விஷயமும் இல்லை. அனி கஸநாவ் தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2014இல் இதையே எடுத்து ஆராய்ந்தார்கள். எல் நீனோ, லா நீனாவால் நிலத்துக்கும் கடலுக்கும் இடையே நீர் இடம் மாறியதன் பங்கைக் கழித்ததும் அந்த மந்தம் மறைந்துவிட்டது. இரண்டு காலங்களிலும் வேகம் ஆண்டுக்கு 3.3 மி.மீ. அருகே வந்து நின்றது. கடலுக்குள் பனியும் வெப்பமும் சேர்த்துக்கொண்டிருந்தது குறையவே இல்லை. நிலம் தற்காலிகமாகக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இதே தந்திரம் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை வெடித்துத் தூசும் கந்தகமும் வானை மறைத்ததில் கடல் சற்றே குளிர்ந்து இறங்கியது. செயற்கைக்கோள் பதிவு தொடங்கியது அந்தப் பள்ளத்திலிருந்து கடல் மேலேறிக்கொண்டிருந்த நேரத்தில். அதனால் 1990களின் ஏற்றம் இருந்ததைவிட வேகமாகத் தெரிந்தது. தொடக்கத்தில் ஒரு எரிமலை, நடுவில் ஒரு லா நீனா. இரண்டும் சேர்ந்து, கடல் ஏறும் வேகம் கூடவில்லை, குறைகிறது என்ற தோற்றத்தைத் தந்தன.

இரண்டின் பாதிப்பையும் கழித்துப் பார்த்த ஸ்டீவ் நெரெம் குழுவின் 2018 ஆய்வு, கடல் ஏறும் வேகமே ஆண்டுக்கு ஆண்டு சுமார் 0.084 மி.மீ. கூடிவருகிறது என்று கண்டது. அந்த நெரெம், 2012இல் லா நீனா பள்ளத்தை விளக்கிய போனிங் குழுவிலும் இருந்தவர். 1993இல் ஆண்டுக்கு 2.1 மி.மீ. என்று இருந்த வேகம் 2023இல் 4.5 மி.மீ. ஆகியிருக்கிறது என்கிறது நாசா. கிரேஸ் இரட்டையர் 2017 அக்டோபரில் பணி முடித்தார்கள். அவர்களுக்குப் பதிலாக 2018 மே மாதம் ஏவப்பட்ட இரண்டாவது ஜோடி, நிலத்தையும் கடலையும் மாதந்தோறும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது.